பத்துப் பூ, ஒரு கோப்பை

அக்டோபர் 9

இன்று முதல் எழுதிவைக்கப் போகிறேன். நாளைக்கு எவனாவது வந்து, மாஸ்டர் அப்படிச் சொல்லவில்லை, இப்படித்தான் சொன்னார் என்று சாதிக்கக் கூடாது. இந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு நேற்று மதியம் தின்ற சோறே ஞாபகம் இருப்பதில்லை.

சின்னாளபட்டி சாயப்பட்டறைகளில் முப்பத்தொரு வருஷம் டையிங் மாஸ்டராக இருந்தவன் நான். சடையாண்டி மாஸ்டர் சரி என்று சொன்ன நீலத்தை மதுரை ஜவுளிக்கடைகளில் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டு வருஷமாக இந்தக் கம்பெனியில் இருக்கிறேன். பூவிலிருந்தும் கிழங்கிலிருந்தும் சாயம் எடுத்துப் பொடியாக்கி, மிட்டாய்க்காரர்களுக்கும் சர்பத்துக்காரர்களுக்கும் அனுப்புகிறார்கள். செண்டுமல்லியில் மஞ்சள், பீட்ரூட்டில் சிவப்பு, சங்குப்பூவில் நீலம். மஞ்சள் ஒரு மந்தம். எண்ணெயில் கரைந்து, சூட்டிலும் வெயிலிலும் அப்படியே கிடக்கும். அதைப் பார்க்க மாஸ்டர் தேவையில்லை. நீலம் அப்படியில்லை. பூ வெயிலில் கிடந்தால் வெளுக்கும், ஈரத்தில் கிடந்தால் கறுக்கும், ஒரு சொட்டுப் புளிப்பு பட்டால் ஊதாவாகும். நீலத்துக்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

சோதனை என் ஏற்பாடு. வருகிற மூட்டையிலிருந்து பத்துப் பூ எடுத்து, வெள்ளைப் பீங்கான் கோப்பையில் போட்டு, கொதிநீர் ஊற்றி, இரண்டு நிமிஷம் விட வேண்டும். நிழலில் ஒழுங்காகக் காய்ந்த பூ என்றால் நல்ல நீலம் இறங்கும். பிறகு ஒரு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதாவுக்குத் திரும்ப வேண்டும். நான் ‘சரி’ என்றால் மூட்டை எடைக்குப் போகும். ‘திருப்பு’ என்றால் வந்த வழியே போகும். ஒரு பருவத்தில் மூன்று முறை திரும்பினால் ரிஜிஸ்தரிலிருந்து பேர் நீக்கம். சங்குப்பூவை இந்தப் பக்கத்தில் வேறு யாரும் வாங்குவதில்லை. மாட்டுக்குத்தான் போட வேண்டும். அதனால் என் கோப்பை முன்னால் நிற்கும்போது எல்லோருக்கும் மரியாதை தானாக வந்துவிடும்.

ஒருத்தியைத் தவிர. கரட்டுப்பட்டி காமுத்தாய். நாற்பது வயதிருக்கும். புருஷன் திருப்பூரில். ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து முழுக்கச் சங்குப்பூக் கொடி ஏற்றியிருக்கிறாள். முதல் மூட்டையை இன்றைக்குத்தான் கொண்டுவந்தாள். நான் வெந்நீரை ஊற்றப் போகும்போது கையை நீட்டித் தடுத்தாள்.

“மாஸ்டர், கோப்பையக் கழுவலையே. முன்னால நின்னவருக்கு எலுமிச்சை விட்டீங்கள்ல, அதுலயே எனக்கும் ஊத்துறீங்க.”

வரிசையில் நின்ற இருபது பேரும் சிரித்தார்கள். கழுவினேன். நீலம் இறங்கியது. சரி என்று அனுப்பிவிட்டேன். அதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்வதில்லை.

அக்டோபர் 13

தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன். அந்த மடையன் சந்தன நிறத்தை அடித்துவிட்டுக் கூலிக்குக் கையை நீட்டுகிறான். வெள்ளை எங்கேடா என்று கேட்டால், இதுதான் வெள்ளை என்கிறான். என் மனைவி சௌந்தரமும் அவனோடு சேர்ந்துகொண்டாள்.

“வெள்ளதாங்க அடிச்சிருக்கான்.”

முப்பத்திநாலு வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியும் இவளுக்கு நிறம் பிடிபடவில்லை. விட்டுவிட்டேன்.

அக்டோபர் 20

நீலப் பேனா கேட்டால் கறுப்புப் பேனாவைக் கொடுக்கிறான் கடைக்காரன். மூடி நீலமாக இருக்கிறதாம். மூடியைக் கொண்டா எழுதுவேன்?

அக்டோபர் 25

மழை பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு மூட்டையில் ஆறைத் திருப்பினேன். தண்ணீரில் நீலமே இல்லை. சாம்பல் கலந்த பாசி மாதிரி ஒன்று இறங்குகிறது. சோம்பேறிகள். பூவைப் பறித்துத் தட்டில் பரப்பி நிழலில் காற்றாட விட வேண்டும் என்று தலைப்பாடாகச் சொல்லியும், ஈரத்தோடு சாக்கில் கட்டி மூலையில் போட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடுகிறார்கள்.

காமுத்தாயின் மூட்டையும் அந்த ஆறில் ஒன்று. “நல்லாப் பாருங்க மாஸ்டர், நீலமாத்தான இருக்கு” என்று கோப்பைக்குள் தலையை விட்டாள். அவள் தலை போட்ட நிழலில் இருந்த வெளிச்சமும் போய்விட்டது. திருப்பினேன். அவளுக்கு முதல் தடவை.

நவம்பர் 3

முதலாளி குலசேகரன் லேபுக்கு நஸ்ரின் என்று ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார். எம்.எஸ்ஸி. படித்திருக்கிறாளாம். சாயத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஒரு மிஷினுக்குள் வைக்கிறாள். மிஷின் ஒரு எண் காட்டுகிறது. எண் பெரிதாக இருந்தால் நிறம் அதிகம். நிறத்தை எண்ணில் பார்க்கிறவள் கல்யாண வீட்டுச் சாப்பாட்டைத் தராசில் வைத்து ருசி பார்ப்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் கேட் பக்கத்து நாட்டுவாதுமை மரத்தைக் காட்டி எங்களுக்கு வகுப்பு எடுத்தாள். இலைகள் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தன.

“இலை பழுக்கும்போது பச்சை கரைஞ்சிரும் சார். மஞ்சள் முன்னாடியே உள்ளதான் இருந்திருக்கும், பச்சை அதை மறைச்சு வச்சிருக்கும். சிவப்பு மட்டும் அப்பத்தான் புதுசா உண்டாகும். அந்தச் சிவப்பும் சங்குப்பூ நீலமும் ஒரே குடும்பம். பக்கத்துல புளிப்பு இருக்கா, வேற என்ன இருக்குங்கிறதப் பொறுத்து நிறம் மாறிக்கும்.”

“விழப்போற எலை எதுக்கு மெனக்கெட்டுச் செவக்குது?” என்று கேட்டேன்.

“அது யாருக்கும் இன்னும் முடிவாத் தெரியாது சார்.”

தெரியாததைச் சொல்லிக்கொடுக்கத்தான் எம்.எஸ்ஸி. போலிருக்கிறது.

நவம்பர் 9

பதினெட்டில் ஒன்பதைத் திருப்பினேன். வேலுச்சாமி என்று ஒருத்தன், அவன் பூவும் சுமார்தான். ஆனால் மனுஷன் நாணயமானவன். வந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “மாஸ்டர் பாத்துச் சொன்னாச் சரிதான்” என்று ஓரமாக நிற்பான். மழைக்காலத்தில் அவன்தான் என்ன செய்வான். சரி என்று அனுப்பினேன்.

நவம்பர் 17

பத்தொன்பதில் பன்னிரண்டு திருப்பு. குலசேகரன் வந்து, “என்ன மாஸ்டர், இந்த வருஷம் நீலமே கிடைக்காது போலிருக்கே” என்றார். ஜனங்கள் கெட்டுப்போனால் பூ என்ன செய்யும் என்றேன். நஸ்ரின் குறுக்கே வந்து, திருப்பின மூட்டைகளில் நாலைந்தை மிஷினில் பார்த்ததாகவும் எண்ணெல்லாம் நன்றாக இருப்பதாகவும் சொன்னாள். கரட்டுப்பட்டிக்காரியின் பூதான் எல்லாவற்றிலும் அதிகமாம். மிஷினுக்கு நிறம் தெரியாது, இருட்டுத்தான் தெரியும் என்று நான் சொன்னதும் குலசேகரன் தலையாட்டினார். பணக்காரர்களுக்குத் தலையாட்டத் தெரியும், அதுவரை நல்லது.

காமுத்தாய்க்கு இரண்டாவது தடவை. இன்றைக்கு எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பார்க்கப் பூ முழுசாக இருக்கிறது, நிறம் மட்டும் இல்லை. என்ன அர்த்தம்? ஏற்கனவே ஒரு தடவை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு எடுத்தாகிவிட்டது. அந்தச் சக்கையைக் காயவைத்து நமக்கு நீட்டுகிறாள். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

“சாறு எடுத்த சக்கையக் காயவச்சுக் கொண்டாந்து விக்கிற. திருட்டு வேலை பாக்கிறவளுக்குப் பேச்சு வேற.”

அவள் மூட்டையின் வாயைக் கட்டினாள். பிறகு, “யாருக்கு மாஸ்டர் சாறு எடுத்துக் குடுத்தேன்? எங்க ஊர்ல பச்சைத்தண்ணிக்கே லாரி வரணும்” என்றாள். ரிஜிஸ்தரில் அவள் பேருக்கு எதிரே ‘சக்கை கலப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 22

சௌந்தரம் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஒரு சேலை எடுத்துவந்து காட்டினாள். இந்தப் பாசி நிறம் உனக்கு எடுக்காதே என்றேன்.

“நீலம்ங்க. கடைக்காரர், நான், எதுத்த வீட்டு அக்கா எல்லாரும் நீலம்னுதான் சொல்றோம்.”

மூன்று பேர் சேர்ந்து சொன்னால் பாசி நீலமாகிவிடுமா?

“ஒரு தடவ கண்ணக் காட்டிட்டு வந்துருவமா?” என்றாள். நிறம் பார்த்துச் சோறு தின்கிறவனைப் பார்த்து இப்படிக் கேட்கிறாள். இரண்டு நாள் அவளோடு பேசப் போவதில்லை.

நவம்பர் 30

எதிரே வருகிற வண்டிக்காரன் ஒருத்தன்கூட விளக்கைத் தாழ்த்துவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கே கண்ணில் ஈட்டி மாதிரி அடிக்கிறான்கள். மொபெட்டோடு வாய்க்காலில் இறங்கிவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பு. லைசென்ஸை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கிற நாடு இது.

டிசம்பர் 5

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். நாலாவதாக வேலுச்சாமி வந்தான். பத்துப் பூ எடுத்து ஊற்றினேன். பழைய அளவுக்கு இல்லை, ஆனால் மோசமில்லை. சரி என்று அனுப்பினேன். ஏழாவதாகக் காமுத்தாய். ஊற்றினேன். அதே சாம்பல், அதே பாசி, போன மாதத்தைவிட மோசம். திருப்பு என்று சொல்லிவிட்டு, “மூணு ஆச்சு. பேரை அடிக்கிறேன்” என்று ரிஜிஸ்தரில் கோடு போட்டேன்.

அவள் கத்தவில்லை. “அடிச்சாச்சா மாஸ்டர்?” என்று கேட்டாள். அடித்தாகிவிட்டது என்றேன்.

“வேலுச்சாமி அண்ணன் கொண்டாந்ததும் என் பூதான். காலையில தராசு பக்கத்துல வச்சு, ஒரு மூட்டைய ரெண்டாப் பிரிச்சோம். அந்த நஸ்ரின் பொண்ணு பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.”

நஸ்ரின் ஆமாம் என்றாள். வேலுச்சாமி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். வரிசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரித்த ஜனங்கள்தான் இவர்கள்.

சூழ்ச்சி. நேர்மையான ஆள் எதற்கு மூட்டையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்? ஒரே மூட்டையில் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் இருக்கக்கூடாதா? எல்லாப் பதிலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

டிசம்பர் 6

குலசேகரன் கூப்பிட்டு அனுப்பினார். இனி மிஷினிலும் பார்க்கலாம் என்று முடிவாம். ‘மிஷினிலும்’ என்கிற ‘உம்’ என் மனசு நோகாமல் இருக்க. பிறகு காமுத்தாய் விஷயம்.

“சக்கை கலப்புன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க மாஸ்டர். நாளைக்கு வெளியூர்ப் பார்ட்டி வந்து ரிஜிஸ்தரப் பாத்தா அது நிக்கும். தப்பா எழுதிட்டேன்னு நீங்களே ஒரு லெட்டர் குடுத்தாத்தான் அந்தம்மாவத் திரும்பச் சேக்க முடியும். கொடியில பூ கொட்டிக்கிட்டு இருக்கு, சீக்கிரம் குடுங்க.”

தர முடியாது என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் எழுதியதை நான் அடித்ததில்லை.

டிசம்பர் 9

சௌந்தரம் யாரையும் கேட்காமல் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பேர் எழுதிவைத்துவிட்டாள். அவள் வாயை மூடுவதற்காகப் போனேன். டாக்டர் சின்னப் பையன். மீசையே ஒழுங்காக முளைக்கவில்லை. விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, “நல்லா முத்துன புரை, ரெண்டு கண்ணுலயும். கடும் டீ கலர்ல இருக்கு. எல்லாத்தையும் டீக்குள்ள இருந்துக்கிட்டே பாத்திருக்கீங்க” என்றான். நீலமும் ஊதாவும் உள்ளே நுழையவே நுழையாதாம். மெள்ள மெள்ள வருவதால் ஆளுக்குத் தெரியாதாம்.

“என்ன வேலை பாக்கிறீங்க?” என்று கேட்டான்.

சும்மா இருக்கிறேன் என்று சொன்னேன். சௌந்தரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிசம்பர் 19

வலது கண்ணில் ஆபரேஷன். கால் மணி நேரம்கூட இல்லை. இடது கண் அடுத்த மாதம்.

டிசம்பர் 20

கட்டைப் பிரித்தார்கள்.

அறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. தரை துடைக்கிற வாளி. ஓரம் உடைந்து அழுக்காக இருந்தது. அது நீலம். நான் மறந்தே போயிருந்த நீலம். வலது கண்ணைப் பொத்தினேன். வாளி சாம்பலும் பாசியுமாகச் செத்துப்போனது. கையை எடுத்தேன். திரும்ப நீலம். பொத்திப் பொத்தித் திறந்துகொண்டே இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும், அவன் சட்டையும் நீலம்தான்.

அழுதுவிட்டேன். மருந்து போட்ட கண் அழக்கூடாது என்று சிஸ்டர் திட்டினாள்.

டிசம்பர் 29

பத்து நாளாக யோசித்ததில் மனசு லேசாகிவிட்டது. எல்லாம் புரை பண்ணிய வேலை. என் தொழிலில் தப்பில்லை, என் மனசிலும் தப்பில்லை. கண் என்கிற ஒரு உறுப்பு ஏமாற்றிவிட்டது, அவ்வளவுதான். நான் கண்டபடிதான் எழுதினேன். கண்டதே தப்பு.

குலசேகரனுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ‘கண்புரை காரணமாகக் கரட்டுப்பட்டி காமுத்தாயின் பூவை மூன்று முறை திருப்பினேன். கண்புரை காரணமாகச் சக்கை கலப்பு என்று எழுதினேன். அவர் பூவில் குறையில்லை.’ டாக்டர் சீட்டின் நகலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். சௌந்தரத்திடம் படித்துக் காட்டினேன். “கையெழுத்து நல்லா இருக்கு” என்றாள். அவளுக்கு எதையும் பாராட்டத் தெரியாது.

கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் நேரில் போய்ச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஒரு மாஸ்டர் இவ்வளவு தூரம் இறங்கிப்போவது பெரிய விஷயம். அவளுக்கு அது புரியுமா தெரியவில்லை. சொட்டு மருந்து விட்டு ஒரு வாரம் கழித்துப் போகலாம்.

ஜனவரி 6

கரட்டுப்பட்டிக்குப் பஸ்ஸில் போனேன். நிறுத்தத்தில் இருந்து ஒரு மைல் நடை. பாதையா அது. பஞ்சாயத்துத் தலைவர் கார் வைத்திருக்கிறார் போல, அவர் வீடு வரைக்கும்தான் தார் போட்டிருக்கிறார்கள்.

பாதிக் காடு வெறுமையாகக் கிடந்தது. கொடிகளை அறுத்து வரப்பு ஓரத்தில் குவித்திருந்தாள். இரண்டு மாடு தின்றுகொண்டிருந்தன. மீதிப் பாதியில் கம்பிமேல் கொடி அப்படியே இருந்தது. யாரும் பறிக்காததால் பூ ஒன்றன்மேல் ஒன்றாகப் பூத்துக் காய்ந்து திரும்பப் பூத்திருந்தது. இவ்வளவு நீலத்தை ஒரே இடத்தில் நான் சாயப்பட்டறையிலும் பார்த்ததில்லை. வரப்பிலேயே நின்றுவிட்டேன். இந்தப் பூவைத்தான் திருப்பியிருக்கிறேன்.

“வாங்க மாஸ்டர்” என்றாள், அரிவாளைக் கீழே வைக்காமல்.

எல்லாவற்றையும் சொன்னேன். புரை, டீ நிறம், ஆபரேஷன், கடிதம். கடிதத்தைப் படித்தும் காட்டினேன். அவள் அறுத்த கொடியைக் காலால் தள்ளிவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இத ஒரு மாசம் முன்னாடி குடுத்திருந்தா முழு ஏக்கரும் நின்னிருக்கும்” என்றாள்.

“எனக்கே தெரியலையேம்மா. கண்ணு பண்ணுன வேலை. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு, பாரு.”

டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“சரி மாஸ்டர். அன்னிக்கு வேலுச்சாமி அண்ணன் பையில இருந்ததும் என் பையில இருந்ததும் ஒரே பூ. ரெண்டையும் ஒரே கண்ணுதான பாத்துச்சு?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் வேண்டும் என்பது போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் டாக்டர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். திரும்ப எடுத்தேன். திரும்ப வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்திமூன்று வயதில், பட்டப்பகலில், இரண்டு மாடுகளுக்கு முன்னால் வெட்கமாக இருந்தது.

“தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டாள். கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 7

கடிதத்தை எடுத்து, ‘கண்புரை காரணமாக’ என்று வந்த இரண்டு இடத்திலும் அடித்தேன். டாக்டர் சீட்டைக் கிழித்துப் போட்டேன். மிச்சமிருந்ததைச் சௌந்தரத்திடம் சத்தமாகப் படித்தேன்.

‘கரட்டுப்பட்டி காமுத்தாயின் பூவை மூன்று முறை திருப்பினேன். சக்கை கலப்பு என்று எழுதினேன். அவர் பூவில் குறையில்லை.’

“இப்பக் கொண்டுபோய்க் குடுங்க” என்றாள். கொடுத்துவிட்டேன்.